டெல்லி தர்பாரும் சேலத்துக் கஞ்சித்தொட்டியும்

ஓமலூர் பக்கம் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆள்பவர்களுக்கும் சாதாரண ஜனங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வரலாற்றுச் சம்பவமோ படமோ வேண்டும். பிரெஞ்சு ராணி 'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்று சொன்ன கதையைத்தான் இதுவரை சொல்லி வந்தேன், அதைவிட நல்லதாக ஏதாவது உண்டா, படம் காட்டினால் சின்னப் பிள்ளைகள் தாங்குவார்களா என்கிறார்.

உண்டு டீச்சர். அதற்காகப் பாரிஸ் வரை போகவே வேண்டாம். நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் அந்த கேக் கதையை விட்டுவிடுங்கள். மேரி அன்டோனெட் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. ஒரு பெரிய இளவரசி அப்படிச் சொன்னதாகத் தத்துவ எழுத்தாளர் ரூசோ தன் வாழ்க்கை வரலாற்றில் பெயர் போடாமல் எழுதியிருக்கிறார். அதை அவர் எழுதிய காலத்தில் மேரி அன்டோனெட் ஆஸ்திரியாவில் சின்னப் பெண். பிரான்சுக்கு மருமகளாக வந்ததே 1770-ல்தான். ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்த கதையும் இதே ரகம். அந்தக் காலத்தில் பிடில் என்ற கருவியே இல்லை. இப்படிப்பட்ட கதைகளில் ஒரு கெட்ட மனிதரும் ஒரு கெட்ட வார்த்தையும் கிடைத்துவிடும், பிள்ளைகளும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். உண்மையில் நடந்தது இதைவிடக் கனமானது. கடிதமாகவும் உத்தரவாகவும் கணக்காகவும் எழுதி வைக்கப்பட்டிருப்பது.

நான் சொல்லும் நாள் 1877 ஜனவரி 1. தமிழ்க் கணக்கில் தாது வருஷம், மார்கழி மாதம். நம் பக்கத்துப் பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அந்தப் பஞ்சத்தின் நடுமத்தி.

அன்று மத்தியானம் டெல்லிக்கு வெளியே ஒரு பெரிய மைதானத்தில் இங்கிலாந்து ராணி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். அந்த விழாதான் டெல்லி தர்பார். ராணி வரவில்லை, அவர் வாழ்நாளில் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்குப் பதிலாக வைஸ்ராய் லிட்டன் பிரபு மேடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே அரைவட்டமாக 63 சமஸ்தான ராஜாக்கள். அவர்களுக்குப் பின்னால் திவான்கள், ஜமீன்தார்கள், அதிகாரிகள், பட்டாளம். ஒரு வாரத்துக்கு மேல் விருந்தும் கூடாரமும் ஊர்வலமும். ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு தங்கப் பதக்கம், இங்கிலாந்துப் பிரபுக்கள் பாணியில் சின்னம் தைத்த ஒரு பட்டுக் கொடி. அந்தக் கொடியும் கம்பமும் ஓர் ஆள் தூக்க முடியாத கனம் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அறிவிப்பு முடிந்ததும் 101 பீரங்கி முழக்கம். துப்பாக்கிச் சத்தத்தில் யானைகள் மிரண்டு ஓடிச் சிலர் செத்தும் போனார்கள்.

அதே நாளில் சென்னை மாகாணம் எப்படி இருந்தது? 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே ஏமாற்றிவிட்டன. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, அதோடு திருப்பத்தூரும் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு இதை வரைபடத்தில் காட்டுங்கள். காவிரி இந்த மாவட்டத்தின் ஓரமாகத்தான் ஓடியது, ஆனால் மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-ல். தாது வருஷத்தில் ஆறு தாழ்வில் ஓடியது, காடு மேட்டில் கிடந்தது. கம்பு, கேழ்வரகு, சோளம், சாமை, கொள்ளு எல்லாமே வானம் பார்த்த வெள்ளாமை. கிணற்றில் தண்ணீர் இருந்தவன் கொஞ்சம் தாங்கினான். ஏரி வற்றினால் ஏரிப் பாசனமும் போச்சு.

ஆனால் பஞ்சத்தில் முதலில் விழுந்தவர் நிலம் வைத்திருந்தவர் அல்ல. இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மழை இல்லையென்றால் உழவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த மாதமே அடுப்பு அணைந்துவிடும். அடுத்து விழுந்தவர்கள் நெசவாளர்கள். சேலம் அன்றைக்கும் தறிக்குப் பேர் போன ஊர். சோற்றுக்கு அல்லாடும் ஜனம் வேட்டி சேலை வாங்குமா? நெய்த துணியை வாங்க ஆள் இல்லாமல் தறி நின்றது. விரல் நுனியில் நூல் பிடித்துப் பழகியவர்கள் கல்லுடைக்கவும் மண் சுமக்கவும் போய் நின்றார்கள். தானியம் இல்லாமல் போனது என்பதைவிட, இருந்த தானியத்தை வாங்கக் காசு இல்லாமல் போனது என்பதுதான் சரி. சேலத்துக்கு 1860-களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. ரயிலில் தானியம் வந்தது, போனது. விலை எங்கே கூடுதலோ அங்கே போனது. பஞ்சம் நடந்த 1877-78-ல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கோதுமை மட்டும் 3,20,000 டன் அளவுக்கு. அது வடக்கத்திக் கோதுமை, சேலத்துக் கம்பு அல்ல. ஆனாலும் ஒரே அரசாங்கத்தின் கீழ் இருந்த தானியம் அது.

இப்போது டெல்லிக்கும் சேலத்துக்கும் நடுவில் ஒருவரை நிறுத்தினால் கதை பிடிபடும். அவர் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. அவருக்கும் தர்பாருக்கு அழைப்பு. மாகாணமே பற்றி எரிகிறது, எப்படி வருவது என்று அவருக்குத் தயக்கம். லிட்டனோ, இந்தத் தர்பார் தோற்றுப்போனால் சாம்ராஜ்யத்தின் நிரந்தர நலனுக்கு அது இருபது பஞ்சங்களைவிடப் பெரிய கேடு என்று எழுதினார். இருபது பஞ்சம்! கேக் கதைக்குப் பதிலாக நீங்கள் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டியது இந்த ஒரு கருத்தைத்தான். இதைச் சொன்னவர் ஜனங்கள்மேல் கோபத்தில் இருந்தவர் அல்ல. கவிதை எழுதியவர், படித்தவர், கணக்குப் போட்டுத் தெளிவாக யோசித்துச் சொன்னவர். ராஜாக்களின் விசுவாசம் ஒரு தட்டில், கூலிக்காரர்களின் உயிர் மறு தட்டில் வைத்துப் பார்த்து, முதல் தட்டுதான் கனம் என்று முடிவு செய்தார். கவர்னரும் கிளம்பி டெல்லிக்குப் போனார்.

பக்கிங்ஹாமை முழுக்க வில்லனாக்கிவிட வேண்டாம். 1876 கடைசியில் அவருடைய அரசாங்கம் ஒரு வியாபாரக் கம்பெனி மூலமாகச் சத்தமில்லாமல் தானியம் வாங்கிச் சேர்த்தது. அரசாங்கம் சந்தையில் தலையிடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து அதற்குக் கண்டனம் வந்தது. அடுத்த வருஷம் லண்டனில் நிதி திரட்ட வேண்டுகோள் விடுத்ததும் சென்னைதான். அதுவும் லிட்டனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஊட்டியில் பெரிய கவர்னர் மாளிகை எழுந்ததும் இதே கவர்னர் காலத்தில், இந்தப் பஞ்ச வருஷங்களை ஒட்டித்தான். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது புரியும். பெரியவர்கள் நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

நம் ஏற்காட்டையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி வைத்தார், பங்களா கட்டினார். பஞ்சம் வந்தபோது மலையில் ஐம்பது வருஷத்துக் காபித் தோட்டங்களும் துரைமார் வீடுகளும் இருந்தன. வெயில் காலத்தில் கீழே சேலத்தில் கலெக்டர் ஆபீஸ், மேலே குளுகுளு ஓய்வு. வகுப்பு ஜன்னலிலிருந்து மலை தெரிந்தால் கையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், போதும். நம் கதையின் கனம் மலையில் இல்லை, கீழே இருக்கிறது.

கனமான இடத்துக்கு வருகிறேன்: கூலி. தர்பார் முடிந்த கையோடு ஜனவரியிலேயே லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் அவர் வேலை. இந்த டெம்பிளுக்கு ஒரு முன்கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதை போய்விடும். மூன்று வருஷம் முன்னால், 1873-74-ல், பீகாரில் பஞ்சம் வந்தபோது அங்கே பொறுப்பில் இருந்தவர் இவர்தான். பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசியை இறக்குமதி செய்து தாராளமாகக் கொடுத்தார். பட்டினியால் கிட்டத்தட்ட யாருமே சாகவில்லை. அதற்காக அவருக்குப் பாராட்டு கிடைத்ததா? வீண்செலவு என்று இங்கிலாந்தில் திட்டு விழுந்தது. இந்த ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டாய், ஒரு பஞ்சத்துக்கு இவ்வளவா என்றார்கள். அடிபட்ட டெம்பிள் சென்னைக்கு வந்தபோது வேறு ஆளாக வந்தார். பஞ்சத்தில் ஜனங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. ஒருமுறை செய்து காட்டியவரே, அதைச் செய்யாமல் இருக்கத்தான் இங்கே வந்தார்.

டெம்பிள் வைத்த கூலி, ஓர் ஆம்பிளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும். பொம்பிளைக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு ராத்தல் என்றால் 450 கிராம் சொச்சம். படிக்கும்போது பரவாயில்லையே என்று தோன்றும். அதனால்தான் இதை வகுப்பில் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். 450 கிராம் கேழ்வரகை எடைபோட்டு ஒரு தட்டில் கொட்டி மேசைமேல் வையுங்கள். தட்டில் இருப்பது மொத்தமும் சுமார் 1,500 கலோரிதான். அரிசியாக இருந்தால் கொஞ்சம் கூடும். ஒரு நாள் முழுக்க வெயிலில் கல்லுடைக்கும் ஆளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். இதில் உமியும் குப்பையும் போக வேண்டும், அரைக்க வேண்டும், விறகு வாங்க வேண்டும், உப்பு வாங்க வேண்டும். வீட்டில் வேலைக்கு வர முடியாத கிழவி இருந்தால், கைப்பிள்ளை இருந்தால் அவர்களுக்கும் இதிலிருந்துதான். சில்லறை இந்தச் செலவுக்கே சரியாகிவிடும். பருப்பு கிடையாது, காய் கிடையாது, மோர் கிடையாது. அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் தங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணட்டும்.

இதை எதிர்த்தவர் ஒருவர் உண்டு. சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். இந்த அளவில் உடம்பு உழைப்புத் தாங்காது, குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். டெம்பிள் ஒத்துக்கொள்ளவில்லை. மார்ச் மாதம் சென்னை அரசு பாதி வழிக்கு இறங்கி வந்து, ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும் என்று மாற்றியது. அதற்குள் முகாம்களில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். காலரா வேறு. வெள்ளைக்கார அதிகாரிகளிலேயே ஜனங்கள் பக்கம் நின்று பேசியவர் இருந்தார் என்று சொல்லும்போது கார்னிஷ் பேரைச் சொல்லுங்கள். அவரைத் தெரிந்தவர்கள் இன்று வெகு குறைவு.

கூலியோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. உழைக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் வேலை கிடையாது, அதற்கு வெளியே முகாமில் போய்த் தங்க வேண்டும். நிஜமாகவே பசிக்கிறவன் எவ்வளவு தூரமும் நடந்து வருவான், சும்மா வாங்கித் தின்ன நினைப்பவன் வர மாட்டான் என்பது அவர்கள் யோசனை. பத்து மைல் என்றால் ஓமலூரிலிருந்து சேலம் டவுன் வரை, கிட்டத்தட்ட. இன்றைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். பல நாள் கஞ்சித் தண்ணீரில் ஓட்டியவர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாடு செத்துக் கிடக்கும் வழியில் அந்தத் தூரம் நடக்க வேண்டும். நடக்க முடிந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். நிவாரணம் யாருக்கு மிக அவசியமோ அவர்கள்தான் வழியில் விழுந்தார்கள். இந்த விதியை எழுதியவர்கள் பத்து மைலைப் பல்லக்கிலும் குதிரையிலும் கடந்தவர்கள்.

வேலைக்கே போக முடியாதவர்களுக்குக் கஞ்சித்தொட்டி. நம் பக்கம் அந்தச் சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது. வேலை நிறுத்தம் நீண்டால் தொழிற்சங்கத்துக்காரர்கள் கஞ்சித்தொட்டி திறப்பார்கள். கஞ்சித்தொட்டிக்கு வர முடியாதவர்கள், சாதிக் கட்டுப்பாட்டால் பொதுவில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று இருந்தவர்கள், புளியங்கொட்டையும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் கற்றாழைக் கிழங்கும் தின்றார்கள். எறும்புப் புற்றைத் தோண்டி எறும்பு சேர்த்த தானியத்தைப் பொறுக்கினார்கள் என்று ஊர் ஊராகப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒருவன் அவசர அவசரமாகச் சாப்பிட்டால் 'பஞ்சத்துல அடிபட்டவனாட்டம்' என்று இன்றைக்கும் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. சேலம் ஜில்லாவிலிருந்து கூட்டம் கூட்டமாக இலங்கைக் காபித் தோட்டங்களுக்குக் கிளம்பிப் போனதும் இந்த வருஷங்களில்தான். இலங்கை மலையகத்தில் இன்று இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குப் பூர்வீகம் நம் பக்கம்.

1877 ஆகஸ்ட் கடைசியில் லிட்டன் தானே சென்னைக்கு வந்து முகாம்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், இந்த முகாம்களைப் போல ஒரு பிக்னிக்கை நீ பார்த்திருக்க மாட்டாய், இங்கே இருப்பவர்கள் ஒரு வேலையும் செய்யாமல் கொழுத்துப் போய் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். தூரத்தில் இருந்ததால் தெரியவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. கண்ணெதிரே நின்றும் அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. இதை நான் எத்தனை முறை படித்தாலும் மனது ஆறுவதில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு படம் கேட்டீர்கள், நான் இரண்டு சொல்கிறேன்.

முதல் படம், தர்பார் ஓவியம். வால் பிரின்செப் என்ற ஓவியரை இதற்கென்றே அமர்த்தினார்கள். பத்தடி உயரம், இருபத்து மூன்று அடிக்கு மேல் அகலம். 1880-ல்தான் முடித்தார். நடுவில் மேடை, வெளிர்நீல அங்கியில் லிட்டன், எக்காளம் ஏந்திய கட்டியக்காரர்கள், பின்னால் கொடிகள், ராஜாக்கள், தலைப்பாகை, நகை. மேடை அலங்காரம் பிரின்செப்புக்கே பிடிக்கவில்லை, கண்றாவி என்ற அளவுக்குத் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் படத்தில் என்னை நிறுத்துவது வேறு. ஒவ்வொரு ராஜாவின் முகத்தையும் நேரில் பார்த்து வரைவதற்காக அவர் ஊர் ஊராக, சமஸ்தானம் சமஸ்தானமாகப் பயணம் போனார். அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டும்படியாக இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பத்து வயது ஹைதராபாத் நிஜாமும் பதின்மூன்று வயது மைசூர் மகாராஜாவும்கூட அந்தத் தர்பாருக்கு வந்திருந்தார்கள்.

இரண்டாவது, ஹூப்பர் எடுத்த புகைப்படங்கள். ஹூப்பர் சென்னைக் குதிரைப்படையில் அதிகாரி. பஞ்ச வருஷங்களில் சென்னை மாகாணத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கும்பல் கும்பலாக உட்கார வைத்துப் படமெடுத்தார். விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். முழங்கால் முட்டி தொடையைவிடப் பெரியதாக இருக்கும். உட்கார முடியாதவர்கள் மண்ணில் சாய்ந்து கிடப்பார்கள். கேமரா அசையாமல் நிற்கும் நேரம் வரை இவர்களும் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. படமெடுத்தவர் இவர்களுக்கு உதவினாரா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்தது. ஹூப்பர் பிறகு பர்மாவில் மரண தண்டனைக் காட்சிகளைப் படமெடுத்ததாகப் பெரிய சர்ச்சையில் மாட்டியவர். இருந்தாலும் இந்தப் படங்கள் இல்லையென்றால் தாது வருஷத்துச் சாமானியரின் முகம் நமக்குக் கிடைத்தே இருக்காது. இங்கிலாந்துப் பத்திரிகைகளில் பஞ்சக் காட்சிகள் செதுக்குப் படங்களாக (கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்களாக) வந்ததும், லண்டன் மேயர் தொடங்கிய நிதிக்குப் பணம் குவிந்ததும் 1877-ன் பிற்பகுதியில்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், பட்டம், எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதை என்ற கணக்கு எல்லாம் உண்டு. மற்றதில் ஒருவருக்கும் பெயர் இல்லை. இன்ன ஊர், இன்னார் மகன் என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏழை பணக்காரன் வித்தியாசம் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. ஆள்பவர் கண்ணுக்கு யார் ஆள், யார் வெறும் கூட்டம் என்ற வித்தியாசம் இந்த இரண்டு படங்களில் தெரிவதைப்போல வேறெங்கும் எனக்குத் தெரிந்ததில்லை. உங்கள் பாடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வகுப்பில் ஒரு கேள்வி கண்டிப்பாக வரும்: அப்படியென்றால் வெள்ளைக்காரன்தான் கெட்டவனா டீச்சர் என்று. வெள்ளைக்கார ஆட்சியின் பொறுப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். சந்தையில் கை வைக்க மாட்டேன் என்றதும், கூலியைக் குறைத்ததும் அந்த ஆட்சிதான். அதோடு நிறுத்தாமல் மீதியையும் சொல்லுங்கள். அரைவட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நம் ராஜாக்கள். இங்கே தானியத்தைப் பதுக்கி விலை ஏற்றியவர்கள் உள்ளூர் வியாபாரிகள். கடனுக்கு நிலத்தை எழுதி வாங்கியவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். மேலே சொன்ன தூரம் டெல்லியில் தொடங்கி ஊர்த் தெரு வரை படிப்படியாக இறங்கியது. கடைசிப் படியில் நின்றவர்கள் பண்ணையாட்களும் சேரி ஜனங்களும். செத்தவர்களில் மிகப் பெரும் பங்கு அவர்களே.

கணக்குப் பாடத்தோடு சேர்க்க ஒரு சின்னப் பயிற்சி. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் ஜனத்தொகை 19,66,995. 1881-ல் 15,99,595. எவ்வளவு குறைந்தது, நூற்றுக்கு எத்தனை என்று பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். 3,67,400 வரும், நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்குக் கிட்ட. இது மொத்தமும் சாவு அல்ல. இலங்கைக்கும் வேறு இடங்களுக்கும் போனவர்கள் உண்டு. தாய்மார் உடம்பு வற்றியதால் பிறக்காமலே போன பிள்ளைகள் உண்டு. இன்னொரு பக்கம், பஞ்சம் இல்லாவிட்டால் பத்து வருஷத்தில் ஜனத்தொகை ஏறியிருக்க வேண்டும், அந்த ஏற்றமும் இந்தக் கழித்தலில் வரவில்லை. 1877 செப்டம்பர், அக்டோபரில் மழை பெய்தபிறகும் சாவு நிற்கவில்லை. தெம்பு இல்லாத உடம்பைக் காய்ச்சல் வந்து அடித்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் ஏழெட்டுப் பேரை எழுந்து நிற்கச் சொன்னாலே கணக்கு புரிந்துவிடும். ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எந்தப் பிள்ளையையும் செத்தவர் கணக்கில் நிறுத்தக் கூடாது. விரல்விட்டு எண்ணினால் போதும்.

பஞ்சத்துக்குப் பின் என்ன ஆனது என்று கேட்டால், 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது, 1883-ல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. விளைச்சல் பொய்த்தால் எப்போது எச்சரிக்கை விட வேண்டும், நிவாரண வேலை எப்போது தொடங்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதினார்கள். அடுத்த பஞ்சத்துக்கு என்று வரி போட்டுச் சேர்க்கத் தொடங்கிய நிதியிலோ லிட்டன் காலத்திலேயே ஆப்கன் யுத்தத்துக்குப் பணம் திரும்பியது. இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்.

கடைசியாக, படம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தர்பார் ஓவியத்தைத் தாராளமாகக் காட்டுங்கள், இங்கிலாந்து அரச குடும்பத்துச் சேகரிப்பில் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கும். பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் முகங்களை எண்ணிப் பார்ப்பார்கள். ஹூப்பர் படங்களை எட்டாம் வகுப்புக்குக் காட்ட வேண்டாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கு 1877 அக்டோபர் 20 தேதியிட்ட லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த செதுக்குப் படம் இருக்கிறது: பெங்களூரில் நிவாரணத்துக்காகக் காத்திருக்கும் கூட்டம். அது போதும். அதன் பக்கத்தில் அந்த 450 கிராம் கேழ்வரகுத் தட்டை வையுங்கள். பாடம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் தாது வருஷத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டது என்ன என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எந்த ஊர், யார் சொன்னது என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள். நாற்பது வீட்டில் நாலு வீட்டிலாவது ஏதாவது கிடைக்கும். கிடைப்பதைத் தொகுத்து வைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.